மலைப்பாதையில் இருவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் லடாக் சென்று வந்த வரலாற்றை இவ்விழாவில் சொல்ல வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, கதை சொல்வதோடு வேறொரு கடமையும் அதில் அடங்கியிருப்பதை உணர்ந்தோம். நம் காலனியில் இவ்வாண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் அதே பாதையில் செல்லப் பெற்றோரிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். "நீங்கள் போகாதே என்றால் அவன் கேட்பான்" என்று ஒரு தாயார் எங்களிடம் வந்து சொன்னார். "நீங்களே போய் வந்தவர்கள் ஆயிற்றே, அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்" என்று ஒரு பிள்ளை வந்து கேட்டான். இரு கட்சியாரும் இப்போது இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே எப்பக்கமும் சாயாமல், 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாங்கள் கண்டதையும் பட்டதையும் நடந்தது நடந்தபடி கூறிவிடுவதே முறை என்று கொண்டோம். தீர்ப்பு உங்களுடையது.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிட வேண்டும். "கையில் ரயில்வே பாஸ் இருக்க, மோட்டார் சைக்கிளில் எதற்கு ஐயா மலை ஏறுகிறீர்?" என்று நம் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் நாங்கள் போக விரும்பிய இடத்திற்குத் தண்டவாளம் இல்லையே! நமது கால்கா–சிம்லா ரயில் 1903-ஆம் ஆண்டு முதல் மலை ஏறுகிறது. 96 கிலோமீட்டரில் 102 குகைப்பாதைகளைக் கடக்கிறது. அதுவும் சிம்லாவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பனிமலைகளைத் தாண்டி லே நகரத்திற்குச் செல்ல வேண்டுமானால் சாலையே கதி.

எங்களுக்கு இந்த ஆசை வந்த வழி பார்சல் அலுவலகத்து வழி. எமது பணி அங்கே என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்ததும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் நம் அம்பாலாவில் வந்து இறங்கும். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டு, சாக்கும் வைக்கோலும் சுற்றி, மணமகனைப் போல் அலங்கரித்து அனுப்பியிருப்பார்கள். இரண்டு நாள் கழித்து உரிய பிள்ளைகள் வந்து கட்டைப் பிரித்து, பெட்ரோல் வாங்கி ஊற்றி, வடக்கு நோக்கிப் புறப்படுவார்கள். எண் பலகையில் தமிழ்நாட்டு எழுத்தைக் கண்டதும் நமக்குப் பேசாமல் இருக்க முடியுமா? அவர்களில் பலர் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வேளைச் சோறு உண்டு சென்றதுண்டு. திரும்பி வரும்போது முகம் கறுத்து, உதடு வெடித்து, கண்ணில் ஏதோ ஒளியோடு வருவார்கள். அவர்களுக்குப் பரிமாறிய துணைவியார்தாம் ஒருநாள், "எத்தனை காலத்திற்குப் பிறர் சொல்லக் கேட்பது? நாமும் போய்ப் பார்த்தால் என்ன?" என்றார். ஆசையை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அவரே என்பது பதிவில் இருக்கட்டும்.

எங்கள் வண்டி 350 சி.சி. புல்லட். இந்த வண்டிக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நமது இராணுவம் எல்லைக் காவலுக்காக இவ்வண்டியைத் தேர்ந்த பின்னர், 1955-ஆம் ஆண்டில் சென்னையில் இதன் தொழில் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் உருவாயிற்று. கடலோரத்து ஊரில் பிறந்த வண்டி பனிமலை ஏறப் புகழ் பெற்றது. நம்மைப் போல அதுவும் பிழைப்புக்காக வடக்கே வந்ததுதான்!

இனிப் புறப்பாட்டுக்கு முன் செய்தவற்றைக் கூறுவோம். பிள்ளைகள் இப்பகுதியைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம்.

ரயில்வேக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; வண்டியை ஓட்டுபவர் முன்னே இருக்கிறார்; கார்டு பின்னே இருக்கிறார். 2022-ஆம் ஆண்டு முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறிவிட்டது. எனினும் நம் நாவில் அவர் கார்டுதான். சிக்னல் இறங்கி வழி கிடைத்தாலும், கார்டு பச்சைக் கொடி காட்டாமல் வண்டி நகராது. அவர் சிவப்பைக் காட்டினால், எத்தனை பெரிய மெயில் வண்டியும் நிற்க வேண்டும். "எனக்கு முன்னால் பாதை தெளிவாக இருக்கிறதே" என்று ஓட்டுநர் வாதாட இடமில்லை. பின்னே இருப்பவருக்குத் தெரிவது வேறு என்பதுதான் அவ்விதியின் உட்பொருள். மோட்டார் சைக்கிளில் பின்னே அமர்பவரைச் சுமை என்று எண்ணுவோர் பலர். நாங்கள் அவரைக் கார்டு என்று வகுத்துக் கொண்டோம்.

அதன்படி எங்கள் சமையலறை மேசையில் அமர்ந்து மூன்று விதிகளை ஒரு தாளில் எழுதினோம். முதலாவது, இருவரில் எவர் "நில்" என்றாலும் வண்டி நிற்க வேண்டும். காரணம் கேட்பது நின்ற பிறகு. இரண்டாவது, மாலை நான்கு மணிக்கு மேல் சக்கரம் உருளலாகாது. மூன்றாவது, தலைவலியோடு ஒருவரும் மேலே ஏறலாகாது. இவ்விதிகளைச் சமவெளியிலேயே எழுதிக் கையொப்பமிட்டோம். ஏன் சமவெளியில் என்பது பின்னர் விளங்கும்.

துணைவியார் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் சுக்குப் பொடியும் கட்டிக் கொண்டார். சேலையோடு எப்படி என்று தாய்மார்கள் கவலைப்பட்டீர்கள். அவர் சல்வார் அணிந்து, அதன்மேல் மழைக்கோட்டு அணிந்து, தலைக்கவசம் பூட்டிக்கொண்டார். அவரைக் கண்டு நம் காலனி வாசலில் நின்ற நாய்கூட அடையாளம் தெரியாமல் குரைத்தது.

முதல் நாள் அம்பாலாவிலிருந்து மண்டி. இரண்டாம் நாள் மணாலி. மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கு ஒரு நாள் சும்மா இருந்தோம். சும்மா இருப்பதும் இப்பயணத்தில் ஒரு வேலையே.

நான்காம் நாள் அடல் குகைப்பாதை வழியாகச் சென்றோம். 2020 அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பட்ட இப்பாதை 9 கிலோமீட்டர் நீளமுள்ளது. முன்னர் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயை ஏறி இறங்க வேண்டியிருந்தது. குகைப்பாதையால் 46 கிலோமீட்டர் குறைந்தது. தென் வாயிலில் பைன் மரக் காடும் மழைச் சாரலும்; பத்து நிமிடத்தில் வட வாயிலில் வெளியேறினால் மரம் அருகி, வானம் நீலம் பாரித்து, வேறோர் உலகம். அதுவே லாஹுல் பள்ளத்தாக்கு.

தாண்டி என்னும் இடத்தில் சந்திரா, பாகா என்னும் இரு நதிகள் கூடுகின்றன. இரண்டும் பாரலாச்சா கணவாய்ப் பகுதியிலேயே பிறந்து, ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று மறுபக்கமும் இறங்கி, மலையைச் சுற்றி வந்து இங்கே சேர்ந்து சந்திரபாகா ஆகின்றன. இந்நதியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், மீண்டும் சந்திப்போம். அவ்வூர்ப் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பலகை நட்டிருந்தார்கள். எங்கள் வண்டியின் தொட்டி 13 லிட்டர் கொள்ளும். இருவரும் மூட்டையும் ஏறிய வண்டி மலையில் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கொடுத்தால் 364 வரும். கணக்கு ஒரு கிலோமீட்டரில் உதைக்கிறது! ஆகவே 5 லிட்டர் கொள்ளும் டப்பா ஒன்றில் பெட்ரோல் நிரப்பிக் கட்டிக்கொண்டோம்.

அன்றிரவும் மறுநாளும் ஜிஸ்பா. உயரம் சுமார் 3,200 மீட்டர். உடம்பு பழகட்டும் என்று அங்கும் ஒருநாள் தங்கினோம். ஆறாம் நாள் காலையில் இருவரும் நலமாகப் புறப்பட்டோம்.

ஜிங் ஜிங் பார் என்னும் இடத்தில், ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்தில், கூடாரக் கடை ஒன்றில் தேநீர் அருந்த நின்றோம். ஜிஸ்பாவிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருந்தோம். எமக்கு நெற்றிப் பொட்டில் தலைவலி தொடங்கியிருந்தது. தேநீர் பாதி இறங்கியதும் வாந்தி வந்தது. ரொட்டியைக் கண்டாலே குமட்டியது. "ஒன்றுமில்லை, பித்தம். இன்னும் கொஞ்ச தூரம்தான், கணவாயைத் தாண்டிவிட்டால் இறக்கம்" என்று யாம் சொன்னோமாம். அச்சொற்களை யாம் சொன்னதாகத் துணைவியார் சொல்லித்தான் தெரியும். எமக்கு அவ்வளவாக நினைவில்லை.

துணைவியார் எமது முகத்தைப் பார்த்தார். நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து காட்டச் சொன்னார். நடை தள்ளாடவில்லை. இருந்தும் அவர் தம் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். "மூன்றாவது விதி. இனி மேலே வேண்டாம், இறங்குவோம்" என்றார். அவர் குரல் உயரவில்லை. சிவப்புக் கொடிக்குக் குரல் எதற்கு?

அன்பர்களே, அந்த இடத்தின் அமைப்பை நீங்கள் அறிந்தால்தான் அச்சொல்லின் பெறுமானம் விளங்கும். ஜிங் ஜிங் பாரிலிருந்து திரும்பினால் தொடர்ந்து இறக்கம். முன்னே சென்றால் ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா கணவாய். அதைத் தாண்டி இறங்கினால் 4,290 மீட்டரில் சர்ச்சு. அங்கே இரவு நோய் முற்றினால், தெற்கே தப்பவும் கணவாய் ஏற வேண்டும். வடக்கே தப்பவும் கணவாய்கள் ஏற வேண்டும். இறங்கினால் குணமாகும் நோய்க்கு இறங்க வழியில்லாத இடம் அது. ஆதலால் திரும்புவதற்குரிய கடைசி நிலையம் ஜிங் ஜிங் பாரே. அதைக் கடந்தபின் கொடி காட்டிப் பயனில்லை.

வண்டியை யாம் ஓட்டி இறங்குவதையும் அவர் ஒப்பவில்லை. கடைக்காரரிடம் சாவியை ஒப்படைத்தார். சர்ச்சுவிலிருந்து காலியாகத் திரும்பிய சரக்கு ஜீப் ஒன்றைக் கை காட்டி நிறுத்தி, கூலி பேசி, எம்மை முன்னிருக்கையில் ஏற்றி, 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள கேலாங் மருத்துவமனையில் சேர்த்தார். பிராணவாயு கொடுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் தலைவலி தணிந்து, சுக்குக் கஞ்சி குடித்தோம்.

மறுநாள் எம்மைச் சோதித்த இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். காற்று மேலே போகப் போக அடர்த்தி குறைகிறது. ஜிங் ஜிங் பாரில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். உடம்பு மூச்சை விரைவாக்கி, சில நாட்களில் தன்னைச் சரிசெய்து கொள்ளும். அதற்கு அவகாசம் கொடாமல் ஏறினால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, தலைச்சுற்றல் தோன்றும். அதையும் மீறி ஏறினால் மூளையில் நீர் கோக்கும். நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். அல்லது நுரையீரலில் நீர் கோக்கும். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமலில் நுரை வரும். இவ்விரண்டும் உயிரைக் கொள்பவை. 3,000 மீட்டருக்கு மேலே, இரவு உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதிருப்பதே நல்லது. ஆனால் இந்தச் சாலையின் வாகு அப்படி இல்லை; அதனால் ஒழுங்காக ஓய்வெடுத்தவர்களையும் அது பிடிக்கிறது. இளமையும் உடல் வலிவும் இதற்குக் காப்பு அல்ல என்றார்.

வலிவு காப்பு அல்ல என்பதை நமது நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1962-ஆம் ஆண்டுப் போரில் சமவெளியிலிருந்து படைவீரர்களை அவசரமாகப் பனிமலைகளுக்கு அனுப்ப நேர்ந்தது. அவர்களில் பலர் எதிரியின் குண்டு படாமலே இந்நோயில் வீழ்ந்தனர். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர்தம் தோழர்களும், 11,000 அடி முதல் 18,000 அடி வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 படைவீரர்களை ஆராய்ந்து 1969-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் எடுத்துப் பேசும் ஆராய்ச்சி அது. தேர்ந்தெடுத்த படைவீரரையே வீழ்த்திய மலை, பார்சல் குமாஸ்தாவுக்கு இரங்குமா?

மருத்துவர் கூறியவற்றுள் ஒன்று எங்கள் நெஞ்சில் தைத்தது. மெலிந்த காற்று முதலில் கவர்வது காலின் பலத்தையன்று, அறிவின் தெளிவை. நோயுற்றவனுக்குத் தான் நோயுற்றது தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்பதே நோயின் பேச்சாகவும் இருக்கலாம். ஆகவே நிற்பதா, போவதா என்பதை மலைமேல் இருந்துகொண்டு தீர்மானிக்கக் கூடாது. தெளிந்த அறிவோடு கீழே இருக்கும்போதே தீர்மானித்திருக்க வேண்டும். அதை நிறைவேற்றும் அதிகாரம் மற்றவரிடம் இருக்க வேண்டும். நாங்கள் விதிகளைச் சமவெளியில் எழுதியதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

கேலாங்கில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மையார் பட்டாணியும் உருளைக்கிழங்கும் பயிரிடுபவர். குகைப்பாதை வருமுன் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் ரோதாங் பனியால் மூடிக்கிடக்கும்; பிரசவ வலி கண்ட பெண்ணையும் நெஞ்சு வலி கண்ட முதியவரையும் மணாலிக்குக் கொண்டுசெல்ல ஹெலிகாப்டர் வரவேண்டும்; வானம் தெளிந்தால்தான் அதுவும் வரும் என்றார். நாம் விடுமுறைக்குப் பார்க்கும் மலையில் அவர்கள் ஆண்டு முழுதும் குடியிருக்கிறார்கள். எங்களுக்குப் படம் பிடிக்கும் பொருளாக இருந்த குகைப்பாதை அவர்களுக்கு உயிர்ப் பாதை.

எட்டாம் நாள் காலை மருத்துவர் மீண்டும் சோதித்து, மெதுவாகப் போகலாம் என்றார். ஜீப் ஒன்றில் சென்று, கடைக்காரர் காத்து வைத்திருந்த வண்டியை மீட்டு, அன்று மீண்டும் ஜிஸ்பாவுக்கே இறங்கி உறங்கினோம். கடைக்காரர் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் பொழுது புலரும்போதே புறப்பட்டோம். அதற்கும் காரணம் உண்டு. வழியில் சாலையைக் குறுக்கிடும் ஓடைகளை அங்கே நாலா என்பர். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா பிற்பகலில் முழங்கால் அளவு பெருகிவிடும். துணைவியார் இறங்கி, காலணியைக் கழற்றி, கல் பார்த்து நடந்து அக்கரை சேர்ந்தார். எந்தக் கல் நிலைத்தது, எது புரள்வது என்று கையால் சைகை காட்டினார். அவர் கை உயர்ந்த பிறகே வண்டி நீரில் இறங்கியது. பனி நீர் காலில் பட்டபோது எலும்பு வரை குத்தியது.

சூரஜ் தால் ஏரியின் பச்சை நீரைக் கண்டு, பாரலாச்சாவைக் கடந்து, அன்றிரவு சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கினோம். அங்கே தண்ணீர் 86 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அரிசி எத்தனை நேரம் வெந்தாலும் நடுவே விதையாக நிற்கிறது. ஆகவே பனிவெளியின் நடுவே குக்கர் விசில் கேட்கிறது! அந்த ஒலியைக் கேட்டதும் நம் காலனியின் காலைப் பொழுது நினைவுக்கு வந்தது. குக்கர் சாதத்தில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து உண்டோம். கடைக்காரச் சிறுவனுக்கும் கொடுத்தோம். கண்ணில் நீர் வர உண்டு, இன்னும் கேட்டான். இம்முறை தலைவலி இல்லை.

பத்தாம் நாள் காட்டா வளைவுகளின் 21 கொண்டையூசித் திருப்பங்களை ஏறி, 5,000 மீட்டரைக் கடந்த லாச்சுலுங் கணவாயைத் தாண்டி, பாங்கில் இளைப்பாறி, மோரே சமவெளியின் 40 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் ஓடி, டாங்லாங் கணவாயை அடைந்தோம். அதன் உயரம் ஏறத்தாழ 5,300 மீட்டர். கடற்கரைக் காற்றில் பாதிதான் அங்கே. மனிதனுக்கு மட்டுமன்று, இயந்திரத்திற்கும் மூச்சு வேண்டுமே! பெட்ரோல் எரியக் காற்றுப் போதாமையால், மூன்றாம் கியரில் ஏறும் ஏற்றத்தை முதல் கியரில், வயோதிகர் படி ஏறுவதுபோல் ஏறியது எங்கள் வண்டி. அதை அதட்டவில்லை, அது எங்கள் நிலையை அறிந்த வண்டி.

கணவாய்க்குக் கீழே சாலைப் பணியாளர்கள் தார் காய்ச்சிக் கொண்டிருந்தனர். இச்சாலைகளைக் காப்பது 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எல்லைச் சாலை நிறுவனம். பணியாளரில் ஒருவருடன் பேசினோம். ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தார். பனி விலகும்போது வந்து, பனி விழுமுன் ஊர் திரும்புபவர். "உங்கள் ஊர் எது?" என்றார். சொன்னோம். "நீங்களும் வெகு தூரம் வந்திருக்கிறீர்கள்" என்று சிரித்தார். பிழைக்க வந்த இடத்தில் சாலை போடுபவரும், பிழைக்க வந்த இடத்தில் பார்சல் எழுதுபவரும் அங்கே கைகுலுக்கிக் கொண்டோம்.

மாலையில் உப்ஷியில் சிந்து நதியைக் கண்டு, அதன் கரையோடு லே சேர்ந்தோம். கேலாங்கில் கழிந்த நாட்களால், பாங்கோங் ஏரியும் நுப்ரா பள்ளத்தாக்கும் கர்துங் கணவாயும் எங்கள் பட்டியலிலிருந்து நீங்கின. "லடாக் போய்ப் பாங்கோங் பார்க்காமல் வந்தவர்கள் நீங்கள்தாம்" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். உண்மைதான். ஏரி அங்கேயே இருக்கிறது; நாங்களும் இங்கே இருக்கிறோம்.

திரும்பும்போது கார்கில் வழி வந்தோம். திராஸில் 1999-ஆம் ஆண்டுப் போரில் உயிர் நீத்தோர் நினைவிடம் உள்ளது. அங்கே திருச்சிராப்பள்ளியின் மைந்தர் மேஜர் சரவணனை நினைந்து தலை வணங்கினோம். பீகார் படைப்பிரிவைச் சேர்ந்த அவர் 1999 மே மாதம் பட்டாலிக் பகுதியில் வீழ்ந்து, மறைவுக்குப் பின் வீர சக்கரம் பெற்றார். நாங்கள் மூச்சு வாங்க நடந்த அந்த உயரத்தில் அவர்கள் சுமையோடு ஏறிப் போரிட்டார்கள் என்று எண்ணியபோது எங்கள் பயணத்தின் அளவு எங்களுக்குத் தெரிந்தது.

ஜோஜி கணவாயை இறங்கி, ஸ்ரீநகரில் ஒருநாள் இளைப்பாறி, சம்மு நோக்கி வருகையில் ராம்பனில் ஒரு பெரிய நதியைக் கடந்தோம். பெயர்ப் பலகையில் செனாப் என்றிருந்தது. தாண்டியில் கண்ட சந்திரபாகாவே அது! இதே நதியின்மேல்தான் நமது ரயில்வே, ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் 1,315 மீட்டர் நீளமுள்ள வளைவுப் பாலத்தைக் கட்டி, 2025 ஜூன் 6-ஆம் நாள் திறந்தது. ரயில் இல்லாத ஊருக்குப் போனோம் என்று தொடக்கத்தில் சொன்னோம். நம் தண்டவாளமும் மலையேறிக் கொண்டுதான் இருக்கிறது.

பதினேழாம் நாள் மாலை அம்பாலா வந்து சேர்ந்தோம். மொத்தம் 1,900 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்ரோல் 62 லிட்டர். குமாஸ்தாவின் பயணத்தில் கணக்கு இல்லாமல் போகலாமா?

இனி, அனுமதி கேட்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தயங்கும் பெற்றோருக்கும் எங்கள் விண்ணப்பம்.

பெற்றோர்களே, போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நம் முன்னோர் மொழி தெரியாத இந்நாட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்தபோது, அவர்தம் தாய்மாரும் அழுதுகொண்டே வழியனுப்பியவர்கள்தாமே? ஆனால் பிள்ளையிடம் எந்த வண்டி, எத்தனை செலவு என்று கேட்பதற்கு முன், "உன்னோடு வருபவன் யார்? அவன் நில் என்றால் நீ நிற்பாயா?" என்று கேளுங்கள். அதற்குத் தயங்காமல் விடை சொல்பவனை அனுப்புங்கள்.

பிள்ளைகளே, தனியே போகாதீர்கள். போட்டி போட்டுக் கொண்டும் போகாதீர்கள். மூன்று நாள் அதிகமாக விடுப்பு எடுத்துச் செல்லுங்கள். அந்த மூன்று நாளும் இல்லாதவனே திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப அஞ்சுகிறான். போகும் முன் மருத்துவரைக் காணுங்கள். உங்கள் விதிகளை உங்கள் வீட்டு மேசையில் எழுதி, அம்மாவிடம் ஒரு நகல் கொடுங்கள்.

ஜிங் ஜிங் பாரில் திரும்பியதனால் எங்களுக்கு மானம் போகவில்லை. மூன்று நாள்தான் போயிற்று. காஷன் ஆர்டரை மதித்துத் தாமதமாக வந்த வண்டியை நிலையத்தில் யாரும் பழிப்பதில்லை. வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

அந்தத் தாள் இன்று துணைவியாரின் கைப்பையிலிருந்து இவ்வவைக்கு வந்திருக்கிறது. மூன்று பிள்ளைகளுக்குமாக மூன்று நகல்கள் எடுத்து வைத்திருக்கிறார். விழா முடிந்ததும் சிற்றுண்டிப் பந்திக்கு முன் அவரிடம் பெற்றுக் கொள்ளலாம். கையொப்பத்திற்கு இடம் விட்டிருக்கிறோம்.